கோதுமை வயலில் அளந்த கடற்காற்று

கடலில் நிற்கப்போகும் காற்றாலைகளுக்குச் சுமைக்கணக்குப் போடும் மென்பொருள் ஒன்றைச் சில ஆண்டுகள் பராமரித்தேன். காற்றின் மாதிரியைத் தேர்ந்தெடுக்க அதில் ஒரு டிராப்டவுன் உண்டு. திறந்தவுடனேயே முதல் வரியில் 'கைமல்' தேர்வாகி நிற்கும். அதற்குக் கீழே வேறு மூன்று நான்கு பெயர்கள். அவற்றை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. சேர்ந்த புதிதில் மூத்த பொறியாளர் ஒருவரிடம் கேட்டேன்: "சார், இது நிலத்துல எடுத்த ஸ்பெக்ட்ரம்தானே? கடலுக்குன்னு தனியா இருக்கே, அதைப் போடக்கூடாதா?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தம்பி, அது ஸ்டாண்டர்ட்ல இருக்கு, டீஃபால்ட்லயும் இருக்கு. அப்படியே விட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மாத்தினா ஏன் மாத்தினேன்னு நீதான் எழுதிக் குடுக்கணும்."

நல்ல மனிதர், திறமைசாலி. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் நம் தொழிலின் நோய் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது என்று எனக்குப் பின்னால்தான் உறைத்தது. மாற்றுகிறவன் காரணம் சொல்ல வேண்டும். மாற்றாதவன் சொல்ல வேண்டியதில்லை. இருப்பதை அப்படியே விடுவதும் ஒரு முடிவுதான், அதற்கும் ஒரு காரணம் வேண்டும் என்பது எங்கள் ஆவணங்கள் எதிலும் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பழக்கத்துக்கு எதிரானது.

முதலில் எதை மாதிரி செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். காற்று நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்றால், அது பத்து நிமிடச் சராசரி. அந்தப் பத்து நிமிடத்துக்குள் வேகம் 9க்கு இறங்கும், 15க்கு ஏறும், பக்கவாட்டில் திரும்பும், மேலும் கீழும் புரளும். இந்தப் புரளலே கொந்தளிப்பு. காற்றுக்குள் பல அளவுகளில் சுழல்கள் உருண்டு வருகின்றன. ஒரு கிலோமீட்டர் நீளச் சுழல் நம்மைக் கடக்க ஒன்றரை நிமிடம் ஆகும். பத்து மீட்டர்ச் சுழல் ஒரு நொடிக்குள் கடந்துவிடும். எந்த அளவுச் சுழலில் எவ்வளவு ஆற்றல் என்ற பட்டியல்தான் ஸ்பெக்ட்ரம். சின்னச் சுழல்களின் பக்கம் இந்தப் பட்டியல் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி சரிகிறது. 1941இல் கோல்மோகோரொவ் அதற்கு விதி சொல்லிவிட்டார். பெரிய சுழல்களின் பக்கம் அப்படி எந்தப் பொதுவிதியும் இல்லை. அது தரையைப் பொறுத்தது, வெயிலைப் பொறுத்தது, அலையைப் பொறுத்தது. சண்டை அங்கேதான்.

இரண்டாவது கேள்வி ஒன்று உண்டு. ஒரு புள்ளியில் காற்று ஓங்கி அடிக்கும்போது, நூறு மீட்டர் தள்ளி இன்னொரு புள்ளியிலும் அதே நேரத்தில் அடிக்கிறதா? இதை ஒத்திசைவு என்கிறோம். பெரிய கட்டுமானத்துக்கு இது உயிர்நாடியான கேள்வி. இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

1870களில் தாமஸ் பவுச் என்ற பொறியாளர் ஸ்காட்லாந்தில் டே கழிமுகத்தின் குறுக்கே ரயில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்ததாக ஃபோர்த் கழிமுகத்துக்கும் ஒரு பாலம் திட்டமிட்டார். காற்றின் அழுத்தம் எவ்வளவு என்று வைத்துக்கொள்வது? அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரியிடம் கேட்டார்கள். பாலம் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் சதுர அடிக்கு 10 பவுண்டுக்கு மேல் போகாது என்று 1873இல் அவர் எழுதிக் கொடுத்தார். கிரீன்விச்சில் உட்கார்ந்து நட்சத்திரம் பார்க்கிறவர் ஸ்காட்லாந்துக் கழிமுகத்துக் காற்றுக்குச் சான்றிதழ் தருகிறார்! பெரிய இடத்துக் கையெழுத்து. யார் கேள்வி கேட்பது? டே பாலத்தில் காற்றுக்கென்று தனியாகக் கணக்கே வைக்கவில்லை என்று பவுச் பிறகு விசாரணையில் ஒப்புக்கொண்டார். 1879 டிசம்பர் 28 இரவுப் புயலில் பாலத்தின் உயர்ந்த நடுப்பகுதி ரயிலோடு சேர்ந்து ஆற்றில் விழுந்தது. ரயிலில் இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

ஃபோர்த் பாலத்தை அடுத்துக் கையில் எடுத்த பெஞ்சமின் பேக்கர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். கழிமுகத்தின் நடுவே இருக்கும் இஞ்ச்கார்வி தீவில் காற்றழுத்தப் பலகைகளை நட்டார். ஒன்று 300 சதுர அடிப் பெரிய பலகை, மற்றவை ஒன்றரைச் சதுர அடிச் சின்னப் பலகைகள். ஒரே புயலில் சின்னப் பலகை, சதுர அடிக் கணக்கில், பெரியதைவிட அதிக அழுத்தம் காட்டியது. ஒரு வீச்சு பெரிய பரப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் முழு பலத்தோடு அடிப்பதில்லை. 'ஒத்திசைவு' என்று இன்று நாம் சமன்பாடு எழுதுவதை அவர் பலகை நட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார். கட்டப்போகும் இடத்தில், கட்டுவதற்கு முன்னால். அந்தப் பாலம் 1890இல் திறந்தது, இன்றும் ரயில் ஓடுகிறது.

இப்போது டிராப்டவுனுக்கு வருவோம். 1968 கோடையில் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், கோதுமை அறுத்த தாள் நிற்கும் சமதள வயலில், 32 மீட்டர்க் கோபுரம் ஒன்றை நிறுத்தி, ஒலிவேகமானிகளைப் பொருத்தி, காற்றின் கொந்தளிப்பை அளந்தார்கள். ஜே.சி. கைமலும் அவருடைய சகாக்களும் 1972இல் வெளியிட்ட கட்டுரை அதிலிருந்து வந்தது. வளிமண்டல அறிவியலின் மகத்தான சோதனைகளில் அது ஒன்று. அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கட்டுரை காற்றடுக்கின் நிலைத்தன்மைக்கு ஏற்ப ஸ்பெக்ட்ரம் எப்படி மாறுகிறது என்று விரிவாகவே சொல்கிறது: தரை சூடாக இருந்தால் ஒரு வடிவம், குளிர்ந்திருந்தால் இன்னொன்று. பின்னால் வந்த தரநிர்ணயக் குழுக்கள் அதிலிருந்து நடுநிலை வடிவத்தை மட்டும் உருவி, எளிமைப்படுத்தி, ஐ.இ.சி. 61400 தரத்தில் வைத்தார்கள். ஆக, நாம் கடலில் பயன்படுத்துவது கைமல் சொன்னதில் ஒரு துண்டு.

ஒரு சின்னக் கணக்கு. ஆய்வுலகம் பொதுவாகப் பயன்படுத்தும் 15 மெகாவாட் முன்மாதிரிக் காற்றாலையின் மையம் கடல்மட்டத்துக்கு மேல் 150 மீட்டரில் இருக்கிறது, சுழலியின் விட்டம் 240 மீட்டர். இறக்கையின் நுனி கீழே வரும்போது 30 மீட்டர் உயரத்தில் இருக்கும், மேலே போகும்போது 270 மீட்டரில். கான்சஸ் கோபுரத்தின் உச்சி 32 மீட்டர். அதாவது அங்கே அளந்த காற்று முழுவதும் இந்த இயந்திரத்தின் கால்நகத்துக்குக் கீழே முடிந்துவிடுகிறது. மிச்சமுள்ள 240 மீட்டருக்கு நாம் சூத்திரத்தை நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

"அதுக்குத்தான் மான் மாடல் இருக்கே" என்பார்கள். இருக்கிறது. டென்மார்க்கின் யாக்கப் மான் 1994இல் கொடுத்த மாதிரி அழகானது. மூன்று திசைகளின் கொந்தளிப்பையும் ஒன்றோடொன்று உறவு கெடாமல் தருகிறது. கிரேட் பெல்ட் கடல்பாலத்துக்காக நீர்ப்பரப்பின் மேல் எடுத்த அளவைகளோடு ஒப்பிட்டு வளர்ந்த மாதிரி அது. பேக்கரின் மரபுதான்: பாலம் கட்டும் முன் அங்கே போய் அள. ஆனால் அந்த மாதிரியிலும் இடத்துக்கேற்ப நிரப்ப வேண்டிய அளபுருக்கள் உண்டு. சுழல்களை இழுத்து நீட்டும் 'காமா'வுக்குத் தரம் பரிந்துரைக்கும் மதிப்பு 3.9. அது எங்கிருந்து வந்தது? அதே தரத்தில் உள்ள கைமல் வளைவோடு பொருத்தியதிலிருந்து! வேறு கதவைத் திறந்து உள்ளே போனாலும் அதே கோதுமை வயலில்தான் நிற்கிறோம்.

கடலில் அளந்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். நார்வேயின் மேற்குக் கரையில் ஃப்ரோயா தீவில் 100 மீட்டர்க் கோபுரங்கள் வைத்துக் கடற்காற்றை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். அதிலிருந்து வந்த ஸ்பெக்ட்ரம் எண்ணெய்த் துறையின் தரங்களில், நார்சோக்கிலும் ஐ.எஸ்.ஓ. 19901-1இலும், இடம்பெற்றிருக்கிறது. 1988இல் ஓச்சியும் ஷின்னும் கடல்மேல் எடுத்த அளவைகளைத் தொகுத்து, தாழ் அதிர்வெண்ணில் நிலத்து வளைவுகள் காட்டுவதைவிடக் கூடுதல் ஆற்றல் இருப்பதைச் சுட்டினார்கள். ஜெர்மனி 2003இலிருந்து போர்க்கும் தீவுக்கு வடக்கே 45 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் ஃபினோ 1 என்ற மேடையில் 100 மீட்டர்க் கோபுரம் நிறுத்தி அளந்துவருகிறது; அரசுப் பணம், ஆய்வாளர்களுக்குத் தரவு கிடைக்கிறது. வடகடலுக்கு இதெல்லாம் உண்டு. அதனால்தான் வடகடலில் தப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தாழ் அதிர்வெண்ணை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? கடற்படுகையில் குழாய் இறக்கி நிறுத்தும் காற்றாலை சில நொடிகளுக்கு ஒருமுறை ஆடும் பொருள். மிதக்கும் காற்றாலை அப்படி இல்லை. 2017இல் ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் அருகே ஹைவிண்ட் வந்ததிலிருந்து அந்த வகை வளர்கிறது. தூண்போல மிதக்கும் அடித்தளம் முன்பின்னாகச் சாய்ந்து நிமிர ஏறக்குறைய 30 நொடி எடுக்கும். நங்கூரக் கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னும் பின்னும் நகர 100 நொடிக்கு மேல் ஆகும். அலைகள் பொதுவாக இதைவிட வேகமானவை. ஆகவே இந்த மெதுவான ஆட்டத்தைத் தூண்டும் முக்கியமான விசை காற்றின் பெரிய சுழல்கள். எந்தப் பகுதியில் மாதிரிகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவோ, அதே பகுதியில் இந்த இயந்திரத்தின் உயிர் இருக்கிறது.

ஒத்திசைவிலும் இதே கதை. ஐ.இ.சி.யின் கைமல் மாதிரி நீளவாட்டுக் காற்றுக்கு மட்டும்தான் ஒத்திசைவுச் சூத்திரம் தருகிறது. பக்கவாட்டு, செங்குத்துக் கூறுகளுக்குத் தருவதில்லை. அதனால் பல மென்பொருள்களில், டீஃபால்ட்டாக, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளில் பக்கக்காற்று ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் வீசும். இப்படி ஒரு காற்று உலகத்தில் எங்கேயும் வீசுவதில்லை. அதே சராசரி வேகம், அதே கொந்தளிப்பு விழுக்காடு வைத்துக் கைமலிலும் மானிலும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மிதக்கும் மேடையின் அசைவுகள் இரண்டு வெவ்வேறு கடல்களில் நிற்பவை போல வந்தன. எது சரி என்று அறையில் கேட்டார்கள். அந்த இடத்து அளவை இல்லாமல் யார் சொல்ல முடியும்? கடைசியில் டீஃபால்ட் ஜெயித்தது.

இனி எனக்கு வழக்கமாக வரும் மூன்று பதில்கள்.

முதலாவது: "அதெல்லாம் பாதுகாப்புக் காரணில போயிடும்." போகாது. உருக்குப் பற்றவைப்பின் அயர்வு, தகைவின் மும்மடியிலாவது ஏறும். சுமைவீச்சு 10 விழுக்காடு கூடினால் சேதம் 33 விழுக்காடு கூடும். 25 ஆண்டு ஆயுள் 19 ஆண்டுக்குள் சுருங்கும். இது கால்குலேட்டரில் போடக்கூடிய கணக்கு. 1980 மார்ச் 27 அன்று வடகடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற தங்குமேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். ஒலிவாங்கி பொருத்திய ஒரு சின்னப் பற்றவைப்பில் தொடங்கிய அயர்வு விரிசல், தாங்கு குழாய் ஒன்றை அறுத்தது. அங்கே பிழை பற்றவைப்பிலும் விரிசலைக் கவனிக்காததிலும், காற்று மாதிரியில் இல்லை. ஆனால் அயர்வு எப்படிக் கொல்லும் என்பதற்கு அதைவிடப் பாடம் வேண்டாம்: ஓங்கி அடிக்கும் ஒரு புயலை எதிர்பார்த்துக் கட்டியதை, ஓயாமல் தட்டும் சிறிய அடிகள் முடித்துவிடும். மறுபக்கமும் உண்டு. தெரியாததற்கெல்லாம் உருக்கைக் கூட்டிக்கொண்டே போனால் விலை ஏறும், திட்டம் கோப்பிலேயே செத்துப்போகும்.

இரண்டாவது: "தரமே அந்தந்த இடத்துக்கு ஏத்தபடி மதிப்பிடச் சொல்லுதே." சொல்கிறது, உண்மை. நடைமுறையில் என்ன செய்கிறோம்? கொந்தளிப்பு விழுக்காடு என்ற ஒரே எண்ணை மாற்றுகிறோம். ஏ பிரிவுக்கு 0.16, பி பிரிவுக்கு 0.14, சி பிரிவுக்கு 0.12, கடல் என்றால் கொஞ்சம் குறைத்துப் போடு. வளைவின் உயரம் மாறுகிறது, வடிவம் மாறுவதில்லை. சட்டையின் அளவைக் குறைத்துவிட்டு இது வேறு சட்டை என்று சொல்வது மாதிரி.

மூன்றாவது, புதிய தலைமுறையின் பதில்: "சூப்பர் கம்ப்யூட்டர்ல சிமுலேட் பண்ணிடலாம், ஏஐ கத்துக்கும்." மென்பொருள்காரனாகச் சொல்கிறேன், எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் சிமுலேஷனுக்கு எல்லையில் என்ன வெப்பம், என்ன ஈரம், என்ன அலை என்று யாராவது சொல்ல வேண்டும். வந்த விடை சரியா என்று எதோடாவது ஒப்பிட வேண்டும். கற்கும் எந்திரம் எதிலிருந்து கற்கும்? நாம் அளக்காத கடலை அது கனவிலா பார்க்கும்?

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். இந்தியா 2015இல் கடல்சார் காற்றாலைக் கொள்கை வகுத்தது. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்க்கு நிதித்திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது: குஜராத் கரைக்கு அப்பால் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கரைக்கு அப்பால் 500 மெகாவாட். தமிழ்நாட்டுக் கரை என்றால் மன்னார் வளைகுடாவும் குமரிக்கடலும். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களில் பிதுங்கி வரும் தென்மேற்குப் பருவக்காற்று, எதிர்ப்பக்கம் இலங்கை. ஆடியில் கீழிருந்து குளிர்நீர் மேலெழும் கடல், கார்த்திகையில் வாடை. 2017இல் ஒக்கி ஒரே நாளில் பெருத்து எத்தனை மீனவக் குடும்பங்களை அநாதையாக்கியது என்று குமரிக் கடற்கரையில் கேட்டால் சொல்வார்கள். நிலத்திலிருந்து வரும் சூடான காற்று குளிர்ந்த நீர்மேல் ஓடும்போது கொந்தளிப்பு அமுங்கும், மேலே வேகம் கூடி அடுக்குக்கு அடுக்கு காற்று வேறுபடும். குளிர்ந்த காற்று வெதுவெதுப்பான நீர்மேல் வரும்போது பெரிய சுழல்கள் கிளம்பும். எந்த மாதத்தில் எது, ஆண்டில் எத்தனை மணி நேரம் என்பதற்குக் கான்சஸும் ஃப்ரோயாவும் பதில் சொல்லாது.

நாம் அளக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். 2017 நவம்பரில் காம்பே வளைகுடாவில் லேசர் காற்றளவி ஒன்றை மேடையமைத்து வைத்தார்கள். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் அந்தத் தரவை வெளியிடவும் செய்தது. தனுஷ்கோடியில் காற்றளவைக் கோபுரம் நட்டார்கள். நல்ல தொடக்கம். ஆனால் இவை அடிப்படையில் 'எவ்வளவு மின்சாரம் வரும்' என்ற கேள்விக்கான அளவைகள். அதற்குப் பத்து நிமிடச் சராசரி போதும். 'எது உடையும்' என்ற கேள்விக்கு அது போதாது. லேசர் அளவி ஒரு கனபரப்பின் மேல் சராசரி எடுக்கும், சின்னச் சுழல்கள் அதில் கரைந்துவிடும். கொந்தளிப்பைப் பிடிக்க நடுக்கடலில் கோபுரம் வேண்டும், அதில் நொடிக்குப் பத்து இருபது முறை அளக்கும் ஒலிவேகமானிகள் பல உயரங்களில் வேண்டும், காற்றோடு சேர்த்து நீரின் வெப்பமும் அலையும் வேண்டும், சில பருவங்களாவது தொடர்ந்து வேண்டும். முக்கியமாக, பச்சைத் தரவு பொதுவில் வர வேண்டும். ஏலம் எடுத்த நிறுவனம் அளந்து தன் பெட்டியில் பூட்டிக்கொண்டால், அடுத்தவன் மறுபடி கான்சஸுக்குத்தான் போவான். பொதுப்பணத்தில் மானியம் வாங்கும் எவரும் தரவைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பது கடினமா?

இன்னொரு கூட்டமும் கிளம்பும், அவர்களையும் விடக்கூடாது. "நம்ம முன்னோருக்கு எல்லாம் தெரியும், வாடை, தென்றல், கொண்டல், கோடைன்னு பேர் வெச்சவங்க நாம." வைத்தார்கள்தான். இன்றும் மீனவர்கள் கச்சானும் சோழகமும் பிரித்துச் சொல்கிறார்கள். அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் தன் கடலில் நின்று, தன் தோலில் உணர்ந்து வைத்தவை. வேறு ஊர்க் காற்றின் பெயரை யாரும் இங்கே கொண்டுவந்து ஒட்டவில்லை. பெருமையடிக்க வேண்டுமானால் அந்தப் பழக்கத்தைத் திரும்பச் செய்து காட்டிப் பெருமையடிப்போம்.

1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ஒரு காற்றுமானி இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது, ரயில் நின்றுவிடும். சென்னையில் என்ன காற்று என்று பார்த்து யாரும் ராமேசுவரம் வண்டியை விடவில்லை. பாம்பனின் காற்றைப் பாம்பனில்தான் அளந்தார்கள். நூறு கோடி ரூபாய் இயந்திரத்தைக் கடலில் நிறுத்துகிறவர்களிடம் நான் கேட்பது அதே மரியாதையைத்தான். அதுவரை அந்த டிராப்டவுனின் முதல் வரியைக் காலியாக விடுங்கள். காற்றைத் தேர்ந்தெடுக்கிறவன் கையெழுத்துப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும்.